கரைத்தீவு வெயிலில் தாய்ச்சி: தங்கச்சிமாருக்குச் சில விஷயங்கள்

ஊர்ப் பெண்கள் சேர்ந்து காலையில் தாய்ச்சி செய்யப் போகிறோம் என்று நீங்க சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழங்கால் வலி, பிரஷர், சீனி என்று வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போன உம்மாமாரை வெளியே கொண்டுவந்து நிமிர்ந்து நிற்க வைக்க இது நல்ல வழி. ஆனால் தொடங்க நினைப்பது பங்குனி, சித்திரையில். அதுவும் புத்தளம் கரைத்தீவில். "மெதுவாகத்தானே கையைக் காலை அசைக்கிறோம், வெயில் என்ன செய்யப்போகுது" என்று யாரும் இருந்துவிடக் கூடாது, தங்கச்சி.

மெதுவாகச் செய்வதுதான் கஷ்டம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலில் இறக்கி, மற்றக் காலைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துப் பாருங்க. கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கும், முதுகு நனையும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் தற்காப்புக் கலையாக வளர்ந்தது இது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. பல நாடுகளின் பூங்காக்களில் இன்று பரவலாகச் செய்வது அந்த 24தான்; முழுவதும் செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். இதன் பலனைப் பார்க்க அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பார்கின்சன் நோயாளர் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து வாரம் இரண்டு தடவை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் விழுவது குறைந்தது என்று 2012இல் முடிவு வந்தது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுத்த உம்மம்மாமாரை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் எனக்கு இது பெரிய செய்தி.

சரி, நேரத்துக்கு வருவோம். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே இருக்கிறது. நம்ம பக்கத்தை அது கடப்பது 10, 11ஆம் தேதி அளவில். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் திரும்பவும் வரும். சித்திரை போனதும் வெயில் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். காலையில் காற்று ஓயும்போது களப்புப் பக்கத்து ஈரத்தில் வேர்வை காய்வதே இல்லை. வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது.

சுபஹ் தொழுத கையோடு புறப்படலாம் என்று பலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். ஐந்து மணிக்கு இன்னும் நல்ல இருட்டு. வில்பத்துக் காடு பக்கத்தில் இருக்கிறது, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில் யானை வருவது புதிதல்ல. மணலில் சுருட்டை விரியன் இரவில்தான் அலையும். தொழுது, ஒரு பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்து, நிலம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகு, ஐந்தே முக்கால் போல, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாங்க. ஆறரை தாண்டினால் முடித்துவிடுங்க. வளிமண்டலவியல் திணைக்களம் புத்தளம் மாவட்டத்துக்கு வெப்ப எச்சரிக்கை விட்ட நாளில் அதையும் குறைத்து, நிழலில் நின்று கை அசைவுகளை மட்டும் செய்யுங்க. அஸருக்குப் பிறகு செய்வது இரண்டாம் பட்சம்தான். பகல் முழுக்கக் காய்ந்த தரை அப்போதும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

இடம் பார்க்கும்போது கடற்கரை மணலுக்கு ஆசைப்படாதீங்க. படம் எடுக்க அழகாக இருக்கும், முழங்காலுக்கு ஆகாது. மணலில் பாதம் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் விழும். இறுகிய சமதரைதான் வேண்டும். நெருஞ்சி முள் இருக்கிறதா என்று முதல் நாளே கூட்டிப் பாருங்க. வெறுங்கால் வேண்டாம், அடி மெல்லிய தட்டையான சப்பாத்துப் போதும். தென்னைக்குக் கீழே நிற்கவே கூடாது, தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. வேம்போ பூவரசோ இருந்தால் அதற்கு மேற்கே, களப்புப் பக்கமாக நில்லுங்க. காலை நிழல் அந்தப் பக்கம்தான் நீளமாக விழும்.

வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று பிடித்துவிடும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வேர்வையை அது உடனே காயவைத்துவிடுவதால் எவ்வளவு தண்ணி உடம்பை விட்டுப் போனது என்று தெரியாது. காற்று பலமான நாளில் ஒற்றைக் காலில் நிற்கும் அசைவுகளை விட்டுவிடுங்க. அபாயாவின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும், பின்னால் எட்டு வைக்கும்போது மிதிபடுவது அதுதான். உள்ளே பருத்தி, வெளியே இளநிறம், தளர்வான கை. முக்காட்டைக் குத்திவிட்டால் பாதியில் கையை எடுத்துச் சரிசெய்யத் தேவையிராது.

குழுவாகச் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த 24 அசைவில் உடம்பு இடம் வலம் திரும்பும், பின்பக்கமும் திரும்பும். தெரிந்தவர் முன்னால் மட்டும் நின்றால், திரும்பியதும் புதியவருக்குப் பார்த்துச் செய்ய ஆள் இல்லை. கழுத்தைத் திருகித் தேடுவார், தடுமாறுவார். பழகியவர்களை நாலு மூலையிலும் நிறுத்தி, புதியவர்களை நடுவில் விடுங்க. போனில் பாட்டுப் போட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருவர் சத்தமாக எண்ணுவதே நல்லது.

திரும்பும்போது முழங்காலைத் திருப்பாதீங்க. பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி, குதியை ஊன்றிப் பாதத்தைத் திருப்பி, அதன் பிறகு இடுப்பைத் திருப்புங்க. மடக்கிய முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. வலித்தால் கொஞ்சம் நிமிர்ந்து செய்யுங்க. தாழ்ந்து நிற்பதில் போட்டி வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம். முடியாத பெரியவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவாங்க. உட்கார்ந்தபடி கைகளை அசைத்தாலும் அது பயிற்சிதான்.

தண்ணியை வருவதற்கு முன் ஒரு கோப்பை, இடையில் ஒரு கோப்பை என்று குடியுங்க. தேசிக்காய்த் தண்ணி நல்லது, பிரஷர் உள்ளவர் உப்புப் போடக் கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர் டாக்டர் சொன்ன அளவுதான். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றோடு வரவே கூடாது, மடியில் ஒரு டொபி வைத்திருக்கட்டும். பிரஷருக்குத் தண்ணிக் குளிசை குடிப்பவர்களுக்கு வெயிலில் தலை சுற்றல் சீக்கிரம் வரும். அவர்களை நிழல் பக்கம் நிறுத்துங்க. நோன்பு மாதத்தில் காலைப் பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்து ஒரு மணித்தியாலம் கழித்து வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் செய்தால் போதும்.

ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொள்ளப் பழகுங்க. தலை சுற்றுகிறது, ஓங்காளிக்கிறது, கெண்டைக்கால் பிடிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, ஜீவனிப் பொடி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்க. பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாவிட்டாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். உடம்பு முழுக்கத் தண்ணி ஊற்றி விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்க. புத்தளம் ஆஸ்பத்திரி நமக்குக் கிட்ட இல்லை. "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்க நேரமில்லை. அம்புலன்ஸுக்கு வழி சொல்ல, நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் பெயரையோ பள்ளிக்கூடத்தின் பெயரையோ எல்லோரும் தெளிவாகச் சொல்லத் தெரிந்துவைத்திருங்க.