சாமந்திக்கு நள்ளிரவில் ஒரு விளக்கு

சிரஞ்சீவி தம்பி மகனுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. ஓசூர் தளி சாலையில் அரை ஏக்கர் பாலிஹவுஸைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும், அதில் சாமந்தி நட உத்தேசித்திருப்பதாகவும் எழுதி, ஊதா நிற வெளிச்சம் வீசும் விளக்குகளைக் கூரை முழுவதும் தொங்கவிட ஒரு வியாபாரி போட்டுக் கொடுத்த மதிப்பீட்டையும் இணைத்து, என் அபிப்பிராயத்தைக் கேட்டு நீ அனுப்பிய கடிதம் வந்து நான்கு நாளாகிறது. மதிப்பீட்டின் கடைசி வரியைப் பார்த்தவுடன் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆயினும் காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையின் உற்சாகத்தைத் தடுப்பது பெரியவர்களுக்கு அழகில்லையாதலால், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன். நீயும் அவசரப்படாமல் படி.

செடிக்கு வெளிச்சம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, அதற்கு அது ஆகாரம். இலை தன் பச்சையத்தால் ஒளியைப் பற்றி, காற்றையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை சமைப்பதற்கு அதுவே அடுப்பு. மற்றொன்று, அதற்கு அது செய்தி. இன்ன பருவம், இரவு இவ்வளவு நீளம், பூக்கும் காலம் வந்தது அல்லது வரவில்லை என்பதை வாயில்லாத ஜீவன் ஒளியைக் கொண்டும் இருளைக் கொண்டுமே அறிந்துகொள்கிறது. ஆகாரமாகக் கொடுப்பதற்கு வேண்டிய வெளிச்சம் ஏராளம். செய்தியாகச் சொல்வதற்கு வேண்டியதோ சொற்பம். நீ வாங்கப்போகும் விளக்கு இவற்றில் எதற்கு என்று வியாபாரியைக் கேட்டாயா? கேட்டிருந்தால் அந்த மதிப்பீடு இவ்வளவு நீண்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மின்சார வெளிச்சத்தில் பயிர் வளர்க்கும் முயற்சி இன்று நேற்று வந்ததன்று. 1880இல் வில்லியம் சீமென்ஸ் என்பவர் இங்கிலாந்தில் வில் விளக்கின் ஒளியைச் செடிகளுக்கு இரவில் பாய்ச்சி, அவை உறங்காமல் வளர்வதை ராயல் சொஸைட்டியின் முன் எடுத்துரைத்தார். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லிபர்ட்டி ஹைட் பெய்லி அதே விளக்கைக் கண்ணாடி வீட்டுக்குள் ஏற்றி, மூடியில்லாத விளக்குக்கு அருகிலிருந்த செடிகள் கருகுவதையும், நடுவே கண்ணாடி வைத்தால் அந்தத் தீங்கு தணிவதையும், லெட்யூஸ் கீரை மட்டும் சீக்கிரம் வளர்ந்து சந்தைக்கு வருவதையும் கண்டு எழுதினார். இந்த முயற்சிகள் எந்தத் தேசங்களில் பிறந்தன என்பதைக் கவனி. அவற்றைப்போன்ற குளிர்தேசமான ஹாலந்து நாட்டில் டிசம்பர் மாதத்துப் பகல் ஏறக்குறைய 8 மணி நேரமே இருக்கும். அந்தப் பகலிலும் சூரியன் மேகத்துக்குள் மங்கிக் கிடக்கும். அங்கே தக்காளிக்கும் ரோஜாவுக்கும் விளக்கால் அன்னமிடுகிறவன் செய்வது நியாயமான காரியம்.

நமக்கு அந்த நியாயம் பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் கொட்டுகிற, இலைக்கு உதவக்கூடிய ஒளியை இன்றுள்ள மிக நல்ல எல்இடி விளக்கால் ஈடுசெய்வதானால் அந்த ஒரு சதுர மீட்டருக்கே 500 வாட்டுக்கு மேல் வேண்டும். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்ட்டுக்கு 20 கிலோவாட்டுக்கும் அதிகம். உன்னுடையது 50 சென்ட். அந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு போதுமென்று வைத்துக்கொண்டாலும், மாதம் தவறாமல் வரும் மின்கட்டணத்தைச் சாமந்திப் பூவை விற்றுக் கட்ட முடியாது. இலவசமாகக் கொட்டுகிற வெயிலை நிழல்வலை போட்டுத் தணிக்கவேண்டிய நாட்டில், வெயிலை விலைக்கு வாங்குவது எதற்கு?

இனி, செய்தியின் கதைக்கு வருகிறேன். நீ செய்யப்போகும் விவசாயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அமெரிக்க விவசாய இலாகாவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் மேரிலாண்ட் மம்மத் என்னும் ஒரு புகையிலை ரகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அது வயலில் கோடை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேலே வளருமே தவிரப் பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். உஷ்ணமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த பிற்பாடு, கோடையிலேயே சில செடிகளைப் பிற்பகலில் இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பகலைச் சுருக்கினார்கள், அவை பூத்தன. பகலின் நீளத்தைச் செடி அளக்கிறது என்று 1920இல் உலகுக்குச் சொன்னவர்கள் இவர்கள். பிறகு 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர், நம்மூர்ச் சாலையோரத்தில் முள்காயோடு மண்டிக்கிடக்கும் மருளூமத்தையை வைத்துச் சோதித்து, செடி கணக்கெடுப்பது பகலைவிட முக்கியமாக இரவையே என்றும், நீண்ட இரவின் நடுவே சிறிது வெளிச்சம் காட்டினால் அந்த இரவு இரவாகவே கணக்கில் ஏறுவதில்லை என்றும் காட்டினார்கள். இந்தக் கணக்கை வைத்திருப்பது இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவமும், இருளில் மெல்ல மெல்ல மற்றொரு வடிவமும் எடுப்பது அது. சாண் உயரச் செடிக்குள் இப்படியொரு கடிகாரத்தை வைத்த இயற்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சாமந்தி, நீண்ட இரவில் பூக்கும் ஜாதி. பகல் ஏறக்குறைய 13½ மணி நேரத்துக்கு உட்பட்டிருந்தால் அது மொட்டுக் கட்டி மலரும். ஓசூரிலோ ஆனி மாதத்து நெடும் பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஆகையால் நாற்று நட்ட மறுநாள் முதலே நம் ஆகாயம் அதனிடம் ‘பூத்துவிடு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு அது ஒரு சாண் உயரத்தில் பூத்தால் கொத்து கட்டத் தண்டு கிடையாது. அதற்காகவே விளக்கு. நட்ட நாளிலிருந்து தண்டு போதிய உயரம் வரும்வரை, ஏறக்குறைய நான்கு ஐந்து வாரம், இரவு 10 மணிக்கு ஏற்றி 2 மணிக்கு அணைத்துவிடு. நீண்ட இரவு இரண்டு துண்டாகிவிடும்; செடி கோடையென்று எண்ணி இலையும் தண்டுமாக ஓங்கும். பிறகு விளக்கை நிறுத்தினால் ரகத்துக்குத் தக்கபடி 7 முதல் 10 வாரத்தில் பூ கைக்கு வரும். ஆயுத பூஜைச் சந்தைக்கு வேண்டுமானால் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விளக்கை நிறுத்தும் தேதியைக் குறி; விதியென்று அதை மாற்றாமல் பிடி. குளிர்தேசத்துக்காரர்கள் கோடையில் பூக்கவைக்கச் செடிகளின்மேல் கறுப்புத் திரை இழுத்து மூடவேண்டும். நமக்கு அந்த இருள் இனாமாகக் கிடைக்கிறது.

இதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்கிறாய்? செடியின் நுனியில் 100 லக்ஸ் இருந்தால் தாராளம். உச்சி வெயிலில் அதைப்போல் ஆயிரம் மடங்கு இருக்கிறது. 4 சதுர மீட்டருக்கு ஒன்றாக 10 வாட் எல்இடி பல்பு 500 தொங்கவிட்டால் மொத்தம் 5 கிலோவாட். 4 மணி நேரத்துக்கு இரவொன்றுக்கு 20 யூனிட். அந்தக் காலத்தில் நான் 100 வாட் குண்டு பல்புகளை எரித்து, மின்சாரத்தில் பெரும்பகுதியை வெறும் சூடாக்கி வீணடித்தேன். பல்பு வாங்கும்போது நீலமடித்த வெள்ளை வேண்டாம். மஞ்சள் சாயல் உடையதில் சிவப்பு அலைகள் அதிகம், நிறமிக்கு வேண்டியதும் அதுவே. தொடர்ந்து எரிப்பதற்குப் பதிலாக அரைமணிக்கு 6 நிமிடம் எரித்து அணைக்கும் முறையும் உண்டு. அதற்கு நல்ல டைமர் வேண்டும். முதல் போகத்தில் அந்தச் சிக்கனத்தில் இறங்காதே.

விளக்கை ஏற்றுவதைக்காட்டிலும் அணைத்தபின் இருளைக் காப்பதில்தான் சிரத்தை வேண்டும். நான் சாமந்தி பயிரிட்ட மூன்றாம் வருஷம், பாம்புக்குப் பயந்து மோட்டார்க் கொட்டகையின் முகப்பில் நானே ஒரு விளக்கை மாட்டினேன். விடிய விடிய எரியும். ஒன்பதாம் வாரம் பாலிஹவுஸ் முழுவதும் மஞ்சள் விரித்தாற்போல் பூத்திருக்க, கொட்டகைப் பக்கத்து மூலை மட்டும் விசிறி வடிவில் பச்சைப் பசேலென்று, ஒரு மொட்டுக்கூட இல்லாமல், தழைத்து நின்றது. பூச்சி என்றார்கள், உரம் மிகுதி என்றார்கள். அன்றிரவு போய், வரப்பில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ரேகை தெரிந்த இடத்திலெல்லாம் செடி பச்சை, ரேகை மறைந்த இடத்தில் பூ. எல்லை ஒரு முழம்கூடப் பிசகவில்லை. சந்தை போயிற்று, அந்த மூலையின் பணமும் போயிற்று. மற்றொரு முறை அணில் ஒயரைக் கடித்து மூன்று பல்பு அவிந்திருந்ததை ஆறு இரவு யாரும் பார்க்கவில்லை; அவற்றின் கீழே மட்டும் செடிகள் குட்டையாக மொட்டு வைத்துவிட்டன. ஆகவே விளக்குப் பருவத்தில் 11 மணிக்கு ஒரு நடை போய்ப் பார். நிறுத்திய பருவத்தில் உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஒரு நடை போ. மின்சாரம் தடைப்படும் இரவுகளுக்கு ஜெனரேட்டரை முன்கூட்டியே பேசிவை.

வீட்டுக்குள் அலமாரியில் கீரை முளைக்கவைக்க உன் தங்கை ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அங்கே வெயில் இல்லாததால் விளக்கு ஆகாரமாகவே வேண்டும். வெள்ளை எல்இடி குழல்விளக்குகளைத் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் நெருக்கிக் கட்டச் சொல். ஒற்றை பல்பானால், தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும் என்பதை அவளுக்குச் சொல். ஊதா விளக்கே வேண்டுமென்பதில்லை. பச்சை ஒளியும் இலைக்குள் ஊடுருவி உபயோகப்படத்தான் செய்கிறது. வெள்ளை ஒளியிலோ இலை பழுத்ததும் பூச்சி விழுந்ததும் கண்ணுக்கு உடனே தெரியும்.

வியாபாரிக்கு மரியாதையாக ஒரு மறுமொழி எழுதி அனுப்பிவிடு. பல்பு மாட்டுமுன் கம்பி இழுக்கும் திட்டத்தைக் காகிதத்தில் வரைந்து எனக்கு அனுப்பு. பக்கத்துத் தோட்டத்திலும் சாலையிலும் இரவில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்பதையும் அதில் குறித்துவை. நாற்று நடும் வாரத்தில் நான் புறப்பட்டு வருகிறேன். முதல் இரவு இருவருமாக நடப்போம். உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா