பிரேக் போட்டும் நகரும் சக்கர நாற்காலி

“பிரேக் போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா எழுந்திருக்கும்போது நாற்காலி பின்னால் போய்விட்டது.”

சக்கர நாற்காலி இருக்கும் வீடுகளில் இப்படியொரு பேச்சு எழுவதுண்டு. அதற்குப் பிறகு, யார் சரியாகக் கவனிக்கவில்லை என்ற வாக்குவாதம் தொடங்கும். கூட இருந்த பிள்ளையோ பணிப்பெண்ணோ பழியைச் சுமப்பார். உண்மையில் பிரேக்கை அவர் சரியாகவே போட்டிருக்கலாம். கோளாறு டயரில் இருந்திருக்கலாம்.

கையால் உருட்டும் சக்கர நாற்காலி எளிய இயந்திரம்தான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. 1933ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹேரி ஜென்னிங்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் மடக்கக்கூடிய எஃகு நாற்காலியை உருவாக்கினார்கள். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த எவரெஸ்ட், காரில் ஏற்றிச் செல்லத் தக்க ஒரு நாற்காலியைத் தேடியதே அதற்குக் காரணம். இருக்கைக்கு அடியில் கத்தரிபோல் குறுக்காக மடங்கும் அந்த அமைப்பை இன்றும் நம் வீட்டு நாற்காலிகளில் காணலாம். எளிய இயந்திரம் என்பதால் அதை நாமே சோதிக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக்கைப் பிடித்து நிறுத்துவது டயர்

பெரும்பாலான நாற்காலிகளில் பெரிய சக்கரத்தின் அருகே இரு பக்கமும் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் ஒரு சிறிய உலோகத் துண்டு டயரின் மேல் அழுந்தும். அவ்வளவுதான் பிரேக். உலோகத்திற்கும் ரப்பருக்கும் இடையிலான உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும்.

காற்றடைத்த டயரில் ஓட்டை இல்லாவிட்டாலும், டியூப்பின் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் டயர் தளர்ந்துவிடும். அப்போதும் நெம்புகோல் வழக்கம்போல் ‘டக்’ என்று விழும். பார்ப்பவருக்குப் பிரேக் போட்டதாகவே தோன்றும். ஆனால் உலோகத் துண்டு டயரை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். எழுந்திருப்பவர் கைதாங்கியை ஊன்றிப் பின்னால் தள்ளும்போது சக்கரம் சுழன்றுவிடும். காற்றில்லாத கெட்டி ரப்பர் டயரிலும், அது தேயத் தேய இதே நிலை வரும்.

சோதிப்பது எளிது. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் காற்று போதாது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் ‘பிஎஸ்ஐ’ அளவில் அச்சிடப்பட்டிருக்கும். வால்வுக்குப் பொருந்தும் சைக்கிள் பம்பு போதும். பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்தால் மிகுந்த கவனம் தேவை. கார் டயருக்கான இயந்திரம் இந்தச் சிறிய டியூப்பை நொடிகளில் நிரப்பி வெடிக்கச் செய்துவிடலாம்.

அடுத்து, யாரும் உட்காராத நாற்காலியைச் சமதரையில் வைத்து, இரு பிரேக்குகளையும் போட்டு, முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுழலக்கூடாது. காற்று சரியாக இருந்தும் சுழன்றால், பிரேக்கைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, அதை டயருக்குச் சற்று அருகே நகர்த்தி மீண்டும் முறுக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். பிரேக்கை விடுவித்த பிறகு அது டயரில் உரசக்கூடாது.

இதில் வரிசை முக்கியம். முதலில் காற்று, பிறகுதான் பிரேக். தளர்ந்த டயருக்கு ஏற்பப் பிரேக்கை நெருக்கி வைத்துவிட்டு, பிறகு காற்றடித்தால் சக்கரம் உரசும் அல்லது பிரேக்கைப் போடவே முடியாது.

இந்த நெம்புகோல் பிரேக் நின்ற நாற்காலியை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. சரிவில் ஓடும் நாற்காலியின் வேகத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்தக்கூடாது. ஒரு சக்கரம் முதலில் பிடித்துக்கொண்டால் நாற்காலி சட்டென்று திரும்பிவிடும். தள்ளும் பிடியில் சைக்கிளில் உள்ளதுபோல் கைப்பிரேக் இருந்தால், துணைக்கு வருபவர் அதைக்கொண்டு வேகத்தைக் குறைக்கலாம்.

எடை எங்கே இருக்கிறது?

நாற்காலி பின்னால் கவிழுமா கவிழாதா என்பதை முடிவு செய்வது ஈர்ப்பு மையம். உட்கார்ந்திருப்பவர், நாற்காலி ஆகிய இரண்டின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அந்தப் புள்ளி பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும்வரை நாற்காலி நிற்கும். அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் கவிழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 18 கிலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் 88 கிலோ. ஈர்ப்பு மையம் அச்சுக்கு 12 சென்டிமீட்டர் முன்னாலும், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்காலி ஏறத்தாழ 11 டிகிரி பின்னால் சாயும்வரை தாங்கும். இப்போது ஈரச்சந்தையிலிருந்து வாங்கிய 10 கிலோ சாமான்களை முதுகுப் பக்கத்தில் தொங்கவிடுகிறோம். பை அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் தொங்கினால், ஈர்ப்பு மையம் 12 சென்டிமீட்டரிலிருந்து 9 சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். தாங்கும் சாய்வு 8 டிகிரியை ஒட்டிக் குறைந்துவிடும்.

அவர் எழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கத்தில் இருந்த 70 கிலோ போய்விட்டது, பின்னால் 10 கிலோ தொங்குகிறது. எடை குறைந்த அலுமினிய நாற்காலி அப்படியே பின்னால் சாய்ந்துவிடலாம். திரும்ப உட்கார வருபவருக்கு அங்கே இருக்கை இருக்காது. எனவே கனமான பையை மடியிலோ இருக்கைக்கு அடியிலோ வைப்பதே நல்லது.

நீரிழிவு நோயால் காலை இழந்தவர்கள் இதில் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். முன்பக்கம் இருந்த காலின் எடை இல்லாமல் போவதால் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் பொருத்தமாக இருந்த நாற்காலி, பிறகு எளிதில் கவிழக்கூடும். அச்சை நகர்த்தும் வசதி இருந்தால் சக்கரத்தைச் சற்றுப் பின்னால் மாற்றிப் பொருத்தலாம். இல்லாவிட்டால், பின்னால் சாயாமல் தடுக்கும் சிறு சக்கரங்களை இணைக்கலாம். அச்சு முன்னால் இருந்தால் உருட்டுவது எளிது, கவிழ்வதும் எளிது. பின்னால் இருந்தால் உறுதி அதிகம், தள்ளுவது சிரமம். எது பொருந்தும் என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

சாய்தளத்தின் கணக்கு

பொது இடங்களில் சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவுக்கு மேல் போகக்கூடாது என்பது சிங்கப்பூர்க் கட்டட விதிகளில் உள்ள பொதுவான வரம்பு. ஏன் 12?

வீட்டு வாசலில் 15 சென்டிமீட்டர் உயரப் படி இருக்கிறது. 180 சென்டிமீட்டர் நீளப் பலகை போட்டால், 88 கிலோவை மேலே தள்ள ஏறத்தாழ 7 கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். இடம் இல்லை என்று 60 சென்டிமீட்டர் பலகை போட்டால் 22 கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். இறங்கும்போது அதே 22 கிலோ விசை நாற்காலியைக் கீழே இழுக்கும். அதோடு, அந்தப் பலகையின் சாய்வு 14 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே பார்த்த நாற்காலி தாங்குவது 11 டிகிரிதான். தனியாக ஏற முயன்றால் பின்னால் கவிழ்ந்துவிடுவார்.

ஆகவே கைக்குக் கிடைத்த பலகையைப் போடாமல், படியின் உயரத்தை அளந்து, அதைப்போல் 12 மடங்கு நீளமுள்ள சாய்தளத்தைத் தேடுங்கள். தகுதிபெறும் வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் சாய்தளம், கைப்பிடிக் கம்பி போன்றவற்றைச் சலுகை விலையில் பொருத்திக்கொள்ளலாம்.

துணைக்கு வருபவர் செங்குத்தான சரிவில் நாற்காலியைப் பின்புறமாக இறக்க வேண்டும். அதாவது தாம் கீழ்ப்பக்கம் நின்று, பெரிய சக்கரங்கள் முதலில் இறங்குமாறு மெதுவாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழாமல் இருக்க இதுவே வழி.

மின்தூக்கி, ரயில் வாசல்களிலும் பெரிய சக்கரம் முதலில் என்ற விதி உதவும். முன்னால் உள்ள சின்னச் சக்கரம் இடைவெளியில் எளிதில் சிக்கிக்கொள்ளும். இடைவெளியைச் சாய்வாகக் கடக்காமல் நேராகக் கடக்க வேண்டும். பேருந்தில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் முதுகுப் பக்கத்தைத் தடுப்புப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, இரு பிரேக்குகளையும் போட வேண்டும்.

உடலுக்கு ஏற்ற அளவு

உட்கார்ந்த நிலையில் இடுப்புக்கும் பக்கவாட்டுத் தடுப்புக்கும் இடையே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிய வேண்டும். அதற்கு மேல் அகலம் இருந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் விளிம்பு காலை அழுத்தும். உட்கார்ந்திருப்பவர் அதைத் தவிர்க்க முன்னால் வழுக்கி உட்காருவார்.

கால் பலகையின் உயரமும் முக்கியம். அது மிக உயரமாக இருந்தால் தொடை இருக்கையை விட்டு மேலெழும்பி, முழு எடையும் உட்காரும் எலும்புகளில் இறங்கும். அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழுத்தப் புண் உண்டாகும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலி தெரியாது என்பதால் புண் ஆழமான பிறகே கண்ணில் படும். தகுந்த மெத்தை வேண்டும். அதோடு 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து எடையை மாற்ற வேண்டும். தானாகச் சாய முடியாதவருக்கு வீட்டில் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

தானே உருட்டுபவர் கைவளையத்தின் உச்சியைப் பிடிக்கும்போது முழங்கை 100 முதல் 120 டிகிரிவரை மடங்கியிருப்பது நல்லது. கை அதைவிட நீண்டோ குறுகியோ இருந்தால் தோள்மூட்டு நாளடைவில் பாதிக்கப்படும்.

எழும்போதும் குனியும்போதும்

எழுவதற்கு முன் இரு பிரேக்குகளையும் போட்டு, கால் பலகைகளை மடக்கி அல்லது விலக்கிவிட வேண்டும். பலகையின் மேல் நின்று எழ முயன்றால் நாற்காலி முன்னால் கவிழும். 

தரையில் கிடப்பதை எடுக்கக் குனிவதற்கு முன், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். அப்போது சின்னச் சக்கரங்கள் சுழன்று முன்பக்கம் நீளும். நாற்காலியின் அடித்தளம் நீள்வதால் முன்னால் கவிழும் ஆபத்து குறையும். எழும்போதும் அவை இப்படி இருப்பது நல்லது.

மடித்த நாற்காலியை விரிக்கும்போது இருக்கையின் இரு ஓரங்களையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். விரல்களை ஓரத்தில் சுற்றிப் பிடித்தால் குழாய்களுக்கு இடையே நசுங்கும். தூக்கும்போது கழன்றுவரக்கூடிய கைதாங்கியையோ கால் பலகையையோ பிடிக்காமல், சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

வாரம் ஒருமுறை

1. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தேவையென்றால் காற்றடிக்கவும்.
2. பிரேக் போட்டுத் தள்ளிப் பார்க்கவும்.
3. சின்னச் சக்கரங்களின் அச்சில் சுற்றியிருக்கும் முடி, நூல் ஆகியவற்றை அகற்றவும். நாற்காலி ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.
4. ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கவும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் நீர் புகும்.

மாதம் ஒருமுறை

1. சக்கரக் கம்பிகளில் தளர்ந்தது அல்லது முறிந்தது உண்டா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவும்.
2. திருகுகளை முறுக்கவும். கழற்றி மாட்டும் சக்கரமாக இருந்தால், அச்சு முழுமையாகப் பூட்டியிருக்கிறதா என்று சக்கரத்தை வெளியே இழுத்துப் பார்க்கவும்.
3. சட்டத்தின் பற்றவைத்த மூட்டுகளில் விரிசலோ துருவோ உள்ளதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும். விரிசல் இருந்தால் பயன்படுத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவும்.
4. இருக்கைத் துணி தொய்ந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.
5. மடங்கும் இணைப்புகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இடலாம். டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படக்கூடாது.

மழையில் நனைந்த நாளில் இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே துடைத்துவிட வேண்டும். ஈரமான டயரில் பிரேக்கின் பிடியும் குறையும்.

சக்கர நாற்காலியைக் கொடுப்பது மட்டும் போதாது. உடலுக்குப் பொருத்துவது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, தொடர்ந்து பராமரிப்பது ஆகியவையும் அந்தச் சேவையின் பகுதிகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் நாளில் யாராவது இவற்றைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பரபரப்பில் மறந்தும் போயிருக்கலாம். இந்தப் பட்டியலை வெட்டி, நாற்காலி நிறுத்தும் இடத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள். பராமரிப்பவர் பணிப்பெண்ணாக இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். நாற்காலியில் இருப்பவரையும் இந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரை அழுத்திப் பார்க்க அவருடைய கட்டைவிரலே போதும்.