பிரவுசிங் சென்டரும் ஸ்க்விட் பதிவேடும்

பெங்களூரு நீலசந்திராவின் சந்துகளில் இன்னும் மிச்சமிருக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்கள்.

நம்பிக்கை: "நாம அடிக்கிறதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும்."

2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, யார் வந்தார், எந்தத் தளங்களுக்குப் போனார் என்ற பதிவைக் கடைக்காரர் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தளப் பதிவுக்குக் காசில்லாமல் கிடைக்கும் கருவி ஸ்க்விட். 1996 முதல் இருக்கும் திறந்த மூல ப்ராக்ஸி அது. கடையின் இணையப் போக்குவரத்தை அதன் வழியே விட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும்: நேரம், எந்தக் கம்ப்யூட்டர், எவ்வளவு டேட்டா, எந்த முகவரி.

முகவரியில்தான் விஷயம் இருக்கிறது. பூட்டுக் குறியுள்ள தளம் என்றால் அதன் பெயர் மட்டுமே பதிவாகும். வங்கித் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். உள்ளே எந்தப் பக்கம் பார்த்தீர்கள், என்ன பாஸ்வேர்டு அடித்தீர்கள் என்பது தெரியாது. கம்ப்யூட்டரில் தனிச் சான்றிதழ் ஏற்றி, பூட்டை நடுவழியில் திறக்கிற மாதிரி வேண்டுமென்றே அமைத்தால்தான் அது முடியும். நீங்கள் அழுத்தும் விசைகளைத் திருடும் நிரல் வேறு ரகம். அதைப் போடுகிறவருக்குச் சட்டம் ஒரு சாக்கு அல்ல. சந்தேகமிருந்தால் அந்தக் கடையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

இன்காக்னிட்டோவில் போனால் தடயமே இருக்காது என்பதும் பொய்தான். அது பிரவுசரின் நினைவைத்தான் அழிக்கும், ப்ராக்ஸியின் பதிவை அல்ல.

நம்பிக்கை: "ஓசியில் கிடைப்பது, நிரல் ஊருக்கே தெரியும், திருடனுக்குச் சுலபம்."

இதே ஊரில் இருக்கும் ஜெரோதா பங்கு வர்த்தக நிறுவனம், தன் சர்வர்களைக் கண்காணிக்க ப்ரோமிதியஸ் போன்ற திறந்த மூலக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தானே எழுதி வெளியிட்டிருக்கிறது. ஓசி என்பதால் யாரும் அங்கே பங்கு வாங்காமல் இல்லை.

அதற்காக ஓட்டையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பதிவெழுதும் நூலகமே உலகம் முழுக்கச் சர்வர்களுக்குள் நுழையும் வாசலாகிவிட்டது. காவல்காரன் கையிலிருந்த சாவி! ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததையும் பாருங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். சர்வரின் சிபியுவை எது இப்படித் தின்கிறது என்று அளந்து பார்த்து, அதன் பின்னாலேயே போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்வாசல் அகப்பட்டது. மூலநிரல் பொதுவில் இல்லாதிருந்தால், வெளியாள் ஒருவர் அவ்வளவு தூரம் தோண்டியிருக்க முடியாது.

நம்பிக்கை: "போட்டுவிட்டால் போதும், அது பாட்டுக்கு ஓடும்."

ஸ்க்விட் ஓடும், பதிவுகளால் டிஸ்க் நிரம்பும்வரை. பழைய கோப்புகளைச் சுருக்கி ஒதுக்க லாக்ரொட்டேட் இருக்கிறது. அதைவிட முக்கியம் கடிகாரம். நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற, அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு, கணினிகளின் நேரத்தை அரசின் நேர சர்வர்களோடு பொருத்தவும் சொல்கிறது. நேரம் தப்பினால் மூன்று மணிக்கு உட்கார்ந்தவர் செய்தது ஐந்து மணிக்கு வந்தவர் தலையில் விழும்.

கடைக்காரரே, உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு காலையும் தப்பான தேதி காட்டுகிறதா? மதர்போர்டிலிருக்கும் அந்தப் பொத்தான் பேட்டரியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.