வேலையை விடுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

தம்பியின் கடிதத்தில் இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன: வரும் தை மாதத்தோடு அலுவலக வேலையை விட்டுவிடுவது, அதன்பின், ஆண்டுக்கணக்காக முதல் சில அத்தியாயங்களோடு நின்றுபோயிருக்கும் நாவலை முழுநேரமும் உட்கார்ந்து எழுதி முடிப்பது. இரண்டும் தக்க விருப்பங்களே. ஆனால் அவை எழுதப்பட்டிருக்கும் வரிசை தலைகீழானது. நேரம் இல்லாமையால் நின்ற எழுத்து எது, நேரம் கிடைத்தாலும் நின்றுபோகக்கூடிய எழுத்து எது என்று பிரித்தறியாமல் வேலையை விடுபவர், தமது எழுத்துக்கு அன்றித் தமது தள்ளிப்போடும் வழக்கத்துக்கே கூடுதல் இடம் கொடுத்துவிடக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே இம்மடலின் நோக்கம்.

தள்ளிப்போடுதல் எனப்படுவது, ஒரு செயலைச் செய்தே ஆகவேண்டும் என்று தெரிந்தும், தாமதத்தால் தமக்கே கேடு என்று உணர்ந்தும், தக்க காரணமின்றி அதை ஒத்திவைக்கும் நடத்தையாகும். களைப்பால் ஓய்வெடுப்பதும், தேவையான செய்தி வந்து சேரும்வரை காத்திருப்பதும் இதில் அடங்கா. இந்தப் பகுப்பு புதியதன்று. மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தலையும் மறதியையும் சோம்பலையும் மிகுதூக்கத்தையும் வள்ளுவர் தனித்தனியே எண்ணியிருக்கிறார். வினைசெயல்வகையில், காலம் தாழ்த்திச் செய்யத்தக்க செயல்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். நாவலைத் தள்ளிப்போடுபவர் பெரும்பாலும் சோம்பேறி அல்லர். எழுத ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் புத்தக அலமாரியைத் துடைப்பார், மின்கட்டணம் செலுத்துவார், நாவலுக்கு உதவும் என்று சொல்லி மேலும் நான்கு நூல்களை வாங்கி வருவார். உழைப்பு குறைவதில்லை, அது வேறு திசையில் போகிறது. உளவியலாளர்களான ஃபூஷியா சிரோயிசும் திமோத்தி பிச்சிலும் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், தள்ளிப்போடுதலின் வேர் நேர மேலாண்மைக் குறைவில் இல்லை, அப்போதைக்கு மனநிலையைச் சீர்செய்துகொள்ளும் முயற்சியிலேயே இருக்கிறது என்று விளக்கினர். அதாவது, வேலை கிளப்பும் அச்சத்தையும் சலிப்பையும் தாங்கமாட்டாமல் மனம் அந்த வேலையிலிருந்து விலகுகிறது. விலகியவுடன் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் விலகப் பழக்குகிறது. இவ்விளக்கம் சரியானால், நாள்தோறும் கூடுதலாக எட்டு மணி நேரம் கையில் கிடைப்பது இந்நோய்க்கு மருந்தாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

நேரமின்மைக்கு அடுத்தபடியாகத் தம்பி தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் காரணம் நிறைவு வேட்கை. குறை சிறிதும் இல்லாததையன்றி எதையும் வெளியிடத் தகாது எனக் கருதும் மனப்பாங்கை இச்சொல் இங்கே குறிக்கிறது. இதைக் குற்றமாக ஒப்புக்கொள்பவர்கூட உள்ளூரச் சிறிது பெருமிதத்தோடுதான் ஒப்புக்கொள்கிறார் என்பதால், இதைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியிருக்கிறது. பால் ஹியூவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் 1991-இல் இதனை மூன்றாகப் பிரித்தனர்: தாம் குறையற்றவராக இருக்கவேண்டும் எனத் தம்மிடமே எதிர்பார்ப்பது, பிறர் அவ்வாறு இருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது, பிறர் தம்மிடம் அதை எதிர்பார்க்கின்றனர் என்று நம்பி அஞ்சுவது. பின்னர் இத்துறை ஆய்வாளர்கள் உயர்ந்த அளவுகோலை நோக்கி முயல்வதையும், பிழை நேருமோ, பிறர் என்ன சொல்வரோ என்று கவலைப்படுவதையும் வேறுபடுத்தினர். சிரோயிசும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தள்ளிப்போடுதலோடு கூடவே காணப்பட்டது பிந்தைய கவலைதான். உயர்ந்த தரத்துக்காக முயல்பவர்களிடம் தள்ளிப்போடும் போக்கு குறைவாகவே இருந்தது. ஆகவே நல்ல நடையின்மீதுள்ள பற்றுதான் நாவலை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற விளக்கம் ஐயத்துக்குரியது. இன்னாருடைய வாயில் இந்நாவல் என்ன ஆகும் என்ற நினைப்பே அதை நிறுத்தியிருக்க வாய்ப்பு மிகுதி. தரத்தின் மேல் உண்மையான பற்றுடையவருக்குத் திருத்துவதற்கு ஒரு படி வேண்டும். எழுதப்படாததைத் திருத்த முடியாது.

தரத்தையும் வெளியீட்டையும் ஒருங்கே காத்துக்கொண்டவருக்குத் தமிழில் உ.வே. சாமிநாதையரை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவரிடம், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழிலும் தலபுராணங்களிலும் ஆழ்ந்த பயிற்சியுடைய அவ்வாசிரியர் அந்நூலைப் படித்திருக்கவில்லை. சமணக் காப்பியமாகிய அதைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சைனர்களிடம் போய் அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோளாக வரும் பழந்தமிழ் நூல்கள் எவை என்று தெரியாமல் தேடினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடக் கண்டு ஒப்பிட்டார். நிறைவு வேட்கைக்கு இதைவிட வளமான நிலம் வேறில்லை. ஏனெனில் ஏட்டுச்சுவடியிலிருந்து பதிப்பிப்பவருக்கு இன்னொரு ஊரில் இன்னொரு ஏடு இருக்கலாம் என்ற எண்ணம் முடிவே இல்லாதது. அந்த இன்னொரு ஏட்டில் நல்ல பாடம் இருக்கக்கூடும் என்பதும் வெறும் சாக்கன்று, முழு உண்மை. அப்படி இருந்தும் 1887-இல், கிடைத்த ஏடுகளையும் அதுவரை பெற்ற அறிவையும் கொண்டு, சிந்தாமணியை அச்சேற்றினார். கண்டனங்கள் எழாமல் இல்லை. அவர் செய்தது, அடுத்த நூலில் இறங்கியது: பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல், முதற்பதிப்புக்கு இருபது ஆண்டுகள் கழித்து, திருத்தங்களோடு வந்தது. இடையில் சங்க நூல்களைப் பதிப்பித்ததால் பெற்ற அறிவு அத்திருத்தங்களுக்குத் துணைநின்றது என்பதையும், முதற்பதிப்பை வெளியிடாமல் காத்திருந்தால் அந்த அறிவே அவருக்கு வாய்த்திருக்காது என்பதையும் தம்பி சேர்த்து எண்ண வேண்டும். குறையோடு வெளியிடுவது தரத்தைக் கைவிடுவது என்ற எண்ணம் இவ்விடத்தில் உடைந்துபோகிறது. பதிப்பு என்பது வரிசையாக வருவது, முதற்பதிப்பு அவ்வரிசையின் தொடக்கம் மட்டுமே. மேலும், மேற்சொன்ன ஐந்து நூல்களும் அவர் கும்பகோணத்தில் நாள்தோறும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. தம் எண்பத்தைந்தாம் வயதில் அவர் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கிய ‘என் சரித்திரம்’, 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. முற்றுப்பெறாத அந்நூல் தமிழின் தலைசிறந்த தன்வரலாறுகளுள் ஒன்றாக இருந்துவருகிறது.

குறையோடேனும் வெளியிட வைக்கும் இதே வேலையைத் தொடர்கதையின் கட்டாயமும் செய்தது. இதழ் ஒன்றின் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்துகொண்டு, 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் ‘பொன்னியின் செல்வ’னை எழுதிய கல்கிக்கு, முந்தைய வாரத்து அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்தும் வசதி இல்லை. கதை சட்டென முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டதற்கு அவர் நூலின் முடிவில் விடை எழுத வேண்டியும் இருந்தது. தொடர்கதை வடிவத்தின் தளர்வுகள் அதில் உண்டு என்று திறனாய்வாளர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால் அந்த ஐந்து பாகங்களும் எழுதப்பட்டிருக்குமா என்பதே இங்குக் கேட்கத்தக்க கேள்வி.

இதற்கு மறுப்பாக மௌனியின் பெயரைத் தம்பி எடுத்துவருவார் என்று எதிர்பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டு டஜன் கதைகளே எழுதித் தமிழ்ச் சிறுகதையில் நிலைத்த இடம் பெற்றவர் அவர். ஆனால் குறைவாக எழுதுவது வேறு, எழுதியதைக் காட்டாமல் வைத்திருப்பது வேறு. மௌனியின் கதைகள் இதழ்களில் வெளிவந்ததால்தான் அவை குறைவு என்று எண்ணிப் பார்க்கவே முடிகிறது. காஃப்காவைச் சொல்பவர்களுக்கும் ஒரு சொல்: மூன்று நாவல்களையும் முடிக்காமல், கையெழுத்துப் படிகளை எரித்துவிடும்படி சொல்லிவிட்டு அவர் 1924-இல் இறந்தார், அவை உலகுக்குக் கிடைத்தது, நண்பர் மாக்ஸ் பிராட் அச்சொல்லை மீறியதால். எல்லா எழுத்தாளர்களுக்கும் அப்படியொரு கீழ்ப்படியாத நண்பர் அமைவதில்லை.

நடைமுறையில் செய்யவேண்டியவை மிகுதியல்ல. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப், அஞ்சல் துறையில் உயர் அலுவலராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே தம் நாவல்களில் பெரும்பகுதியை எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். முதல் அரைமணி நேரம் முன்தினம் எழுதியதைப் படிப்பார். பின் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதுவார். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அன்றைய எழுத்து முடிந்துவிடும். அவர் இறந்தபின் 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது, கலையைச் செருப்புத் தைக்கும் தொழிலாக்கிவிட்டார் என்ற ஏளனத்தை அவருக்குத் தேடித்தந்தது. ஏளனம் செய்தவர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவருடைய சொற்கணக்கைப் பின்பற்றத் தேவையில்லை. முதல் அரைமணியைப் பின்பற்றலாம். வெற்றுத்தாளின் முன் உட்காரும் அச்சத்தை, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பக்கத்தின் முன் உட்காரும் எளிய வேலையாக அது மாற்றிவிடுகிறது. அதைவிடவும் இன்றியமையாதது, எழுதும் வேளையையும் திருத்தும் வேளையையும் வெவ்வேறு நாள்களில் வைப்பது. முதற்படி எழுதும்போதே வாக்கியத்தை அடித்து அடித்துத் திருத்துபவர், நாற்று நடும்போதே களை பறிக்க முனைபவரைப் போல, எதையும் முடிக்காமல் வரப்பேறுகிறார். முதற்படி முழுவதும் முடியும்வரை முதல் அத்தியாயத்தைத் திறப்பதில்லை என்ற ஒரு விதியைத் தம்பி வைத்துக்கொண்டால் போதும். நிறைவு வேட்கைக்கு உரிய இடம் அச்சுப்படி திருத்தும் மேசை, அங்கே அது எவ்வளவு கறாராக இருந்தாலும் நன்மையே.

இனி முழுநேரம் பற்றி. டிரோலப் அஞ்சல் துறையிலிருந்து விலகியது 1867-இல், அதாவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாவல் எழுதியபின். அதுவும், அறுபது வயதுவரை வேலை பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் ஓய்வூதியத்துக்கு ஈடான வருவாயைத் தரும் சேமிப்பைச் சேர்த்த பிறகு. தமிழ் எழுத்தாளருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. விலையில் பத்து விழுக்காடு ராயல்டி என்ற பரவலான வழக்கப்படி கணக்கிட்டால், 300 ரூபாய் விலையுள்ள நாவல் ஆயிரம் படிகள் விற்றாலும் ஆசிரியர் கைக்கு வருவது 30,000 ரூபாய். சென்னையில் ஒரு குடும்பத்துக்கு அது ஓரிரு மாதச் செலவு. அதனால்தான் இங்கே முழுநேர எழுத்தாளர் எனப்படுபவர் உண்மையில் மொழிபெயர்ப்பு, பத்தி எழுத்து, திரைக்கதை உரையாடல், மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றால் வாழ்பவராக இருக்கிறார். இவற்றில் எதுவும் இழிவில்லை. ஆனால் அலுவலகத்தை விட்டவர் அலுவலகம் இல்லாத இடத்துக்குப் போகவில்லை, பல சிறு முதலாளிகளிடம் போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-இல் விட்டபோது அங்கே பதினான்கு ஆண்டுகள் கழித்திருந்தார். சிறுகதை எழுத்தாளராக அவர் கை ஏற்கெனவே பழகியிருந்தது. அதன்பின் ‘கணையாழி’யில் ஆசிரியப் பணியும் ஆங்கில இதழ்களில் கட்டுரைகளும் சேர்ந்துதான் அவர் வாழ்க்கையை நடத்த உதவின, செல்வம் சேரவில்லை. எனினும் அவர் வீணாக்கிவிட்டதாகச் சிலர் நினைக்கக்கூடிய அந்த ஸ்டூடியோ ஆண்டுகளே ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கு மண்ணாக அமைந்தன. தம்பி வெறுக்கும் அலுவலகத்தின் கோப்புகளும் மேலாளரும் மதியச் சாப்பாட்டுப் பேச்சும் ஒரு நாவலுக்குப் பயன்படா என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

ஆதலால் தம்பியிடம் வேண்டிக்கொள்வது இதுதான். வேலையில் இருந்துகொண்டே நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுதும் பழக்கம் ஓராண்டு நிலைக்கட்டும். அந்த ஆண்டுக்குள் நாவலின் முதற்படி, எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், கடைசி அத்தியாயம்வரை எழுதப்படட்டும். ஓராண்டுச் செலவுக்கான பணம் வங்கியில் சேரட்டும். இவை மூன்றும் கைகூடியபின் வேலையை விடுவதற்கு வீட்டில் எவரும் தடை சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மூத்தவர்கள் ஏற்பார்கள். அதற்கு முன், பெட்டியில் இருக்கும் சிறுகதைகளில் ஒன்றைத் தேர்ந்து, மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்காமல், இந்த வாரமே ஏதேனும் ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டுப் பதில் எழுதவும்.

அன்புடன்,
அண்ணன்