பாலர் பள்ளியின் மதிப்பெண் யாருடையது?

தில்லியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 2018-இல் அமெரிக்காவில், மேரிலாண்ட் மாநிலத்து மான்ட்கோமரி கவுண்டியில் வசிக்கும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அப்போதுதான் பேத்தியைப் பள்ளியில் சேர்த்தார்கள். இத்தனை வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த நான் அங்கே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் போன்றது. மேரிலாண்டில் 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும் சேர்ந்து 24 பள்ளி மாவட்டங்கள். ஐந்து வயதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டன் உண்டு. ஆனால் அதற்கு முந்திய நான்கு வயது வகுப்பு, அதாவது அரசுப் பாலர் பள்ளி, அப்படி எல்லாருக்கும் திறந்த கதவு அல்ல. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைத் தந்தே ஆகவேண்டும் என்று 2002-இல் மாநிலச் சட்டம் வந்தது. 2021-இல் வந்த இன்னொரு சட்டம் அந்த வரம்பைப் பெரிதாக்கியது.

கிண்டர்கார்ட்டனுக்கு வரும் பிள்ளைகளின் தயார்நிலையை 2014 முதல் ஒரு மதிப்பீட்டின் மூலம் அளக்கிறார்கள். மொழி, கணக்கு, பிறரோடு பழகுதல், உடல் வளர்ச்சி என நான்கு துறைகள். முடிவுகளைக் கவுண்டி வாரியாகவும், இனம், வருமானம், ஆங்கிலம் கற்று வருபவரா என்ற பிரிவுகள் வாரியாகவும், முந்திய வருடம் பிள்ளை எங்கே இருந்தது என்பதன்படியும் வெளியிடுகிறார்கள். தனியார் நர்சரியிலிருந்து வந்த பிள்ளைகள் முன்னே நிற்பார்கள். 1965 முதல் ஏழைக் குடும்பங்களுக்காக மத்திய அரசின் பணத்தில் நடக்கும் 'ஹெட் ஸ்டார்ட்' பிள்ளைகள் பின்னே நிற்பார்கள்.

மகளின் தோழி ஒருத்தி இதைக் காட்டி, "பாருங்கள் மாமி, அரசுப் பாலர் பள்ளியில் தரமே இல்லை" என்றாள். நானும் தலையாட்டினேன். இரவு படுத்த பிறகுதான் என் பழைய வகுப்பு ஞாபகம் வந்தது. வீட்டிலேயே எழுத்து அறிந்து வந்த குழந்தை முதல் மாதமே படித்துக்காட்டும். பெருமை எனக்கு! எழுத்தே தெரியாமல் வந்து, மார்ச் மாதத்துக்குள் தன் பெயரை எழுதக் கற்ற கட்டடத் தொழிலாளியின் மகனுக்கு நான் உழைத்த உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மதிப்பெண் பள்ளியைக் காட்டுவதற்கு முன் பிள்ளையின் வீட்டைக் காட்டுகிறது. வருமானம் குறைந்தவர்களையே சேர்த்துக்கொள் என்று சட்டம் சொல்லும் பள்ளியை, கட்டணம் கட்ட முடிந்தவர்களின் நர்சரியோடு ஒப்பிட்டால் தெரிவது வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்படியானால் பாலர் பள்ளியின் பயனை எப்படி அறிவது? ஒரே மாதிரியான வீட்டுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பள்ளி தந்து பார்க்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி நகரில், பெர்ரி பாலர் பள்ளியில் 1962 முதல் 1967 வரை இப்படிச் செய்தார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரில் 58 பேருக்குப் பள்ளி கிடைத்தது. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்கே போய்த் தாயுடன் பேசுவார். அறிவுத்திறன் சோதனையில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆனால் அவர்களின் நாற்பதாவது வயதில் பார்த்தபோது, அப்பள்ளியில் படித்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருப்பவர்களும் அதிகம், கைதானவர்கள் குறைவு.

இதைக் கேட்டு எந்தப் பாலர் பள்ளியும் நல்லதே என்று எண்ணிவிடக் கூடாது. டென்னசி மாநிலத்தில் 2,990 பிள்ளைகளை இதேபோல் குலுக்கலின் வழியே தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2022-இல் வந்த முடிவின்படி, அரசுப் பாலர் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஆகவே பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பயனில்லை. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. சேர்க்கைப் படிவத்தில், குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டிருந்தார்கள். பேத்தியை வளர்த்தது இரு பக்கத்துப் பாட்டிகளும் மாறி மாறி. வீடு முழுக்கத் தமிழ். ஆனால் அந்த அட்டவணையில் ஆங்கிலம் கற்று வருபவர்களின் வரிசை கீழே இருந்ததைப் பார்த்திருந்த என் மகள், எல்லாக் கேள்விக்கும் 'ஆங்கிலம்' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த நானும் "வேண்டாம்" என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் பேத்தி வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தை ஏன் பேசவில்லை என்று ஆசிரியைக்குக் கவலை. பேச்சுக் குறை இருக்கிறதா என்று சோதிக்கலாமா என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை, பொய் சொன்னது நாங்கள். அன்றிரவு என் மகள் அழுதாள். மறுநாள் போய் உண்மையைச் சொல்லிப் படிவத்தைத் திருத்தினாள். ஆங்கிலம் பயிற்ற ஓர் ஆசிரியை தனியே உதவினார். இத்தகைய உதவி பள்ளியின் சலுகை அல்ல, கடமை என்பது 1974-இல் சான்பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகளின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நான் ஊர் திரும்புமுன் பேத்தி பள்ளியில் ஆங்கிலத்தில் கதை சொன்னாள். வீட்டுக்கு வந்து அதையே எனக்குத் தமிழில் சொன்னாள்.

தில்லியில் இருக்கும் நமக்கும் இது பொருந்தும். நர்சரி சேர்க்கைக் காலத்தில் "எந்தப் பள்ளி நம்பர் ஒன்?" என்று அலைகிறோம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்போம். இங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள்? ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்? தாய் தந்தையருடன் ஆசிரியை பேசுகிறாரா? அடுத்து, வீட்டில் பேசும் மொழி எது என்று படிவம் கேட்டால், கூசாமல் 'தமிழ்' என்று எழுதுவோம். அட்டவணையில் எந்த வரிசையில் வைத்தாலும், நம் குழந்தை யார் என்று தெரிந்தால்தானே ஆசிரியை அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?