வெள்ளையடிக்கும் முன் சுவரைச் சோதிப்போம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியும் பெருகி ஓடியது. வெள்ளம் சில நாளில் வடியும். சுவர் குடித்த நீர் உலர மாதங்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகும் அப்படித்தான். ஆகவே மாசி, பங்குனியில் பெருநாளுக்காக வெள்ளையடிக்க நினைப்போர் முதலில் ஈரம் பார்ப்பது நல்லது.

ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுவோம். தாளுக்குள் நீர் முத்துக்கள் கோத்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவோம்.

சுவரில்தான் ஈரம் என்றால் குழாய்க் கசிவையும் மாடி விரிசலையும் முதலில் அடைப்போம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் இறங்கும். உலரும் முன் பெயிண்ட் அடித்தால் அது உரியும், கூலியும் வீண்.

ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் தொடாமல் எலக்ட்ரீஷியனை அழைப்போம். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தச் சொல்வோம். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், பெயிண்ட் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும்.