பாலத்தைக் கடக்க என்ன விலை?

போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருக்கிறோம். அந்தக் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. தீவுகளின் மேல் அமைந்த ஸ்டாக்ஹோம் நகருக்கு அது கிடைத்தது. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, நகர மையத்துக்குள் வரும் கார்களிடமும் அங்கிருந்து வெளியேறும் கார்களிடமும் சோதனையாகக் கட்டணம் வாங்கினார்கள். பிறகு நிறுத்தினார்கள். செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினார்கள்.

நம்பிக்கை: இன்று சாலை இலவசம், கட்டணம் போட்டால்தான் செலவு.

நெரிசல் பற்றிய நம்பிக்கைகளுக்கெல்லாம் இதுதான் வேர். இதைப் பிடுங்கினால் மற்றவை தாமாக ஆட்டம் காணும்.

நெரிசலில் நிற்பவர் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார், தன் நேரத்தால். அந்த நேரம் யார் கைக்கும் போய்ச் சேருவதில்லை. பணமாக வாங்கியிருந்தால் அதில் ஒரு பேருந்தாவது விடலாம். இன்னொன்றும் உண்டு. நிரம்பிய சாலையில் புதிதாக நுழையும் ஒவ்வொரு காரும் பின்னால் வரும் எல்லோரையும் சில நொடிகள் தாமதப்படுத்துகிறது. ஓட்டுபவர் தன் தாமதத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார். மற்றவர்களின் இழப்பு அவர் கணக்கில் வருவதே இல்லை. அந்த இழப்பை விலையாக அவருக்கே காட்ட வேண்டும், கூட்டத்துக்கு ஏற்ப அந்த விலை நேரத்துக்கு நேரம் மாற வேண்டும் என்று 1950களிலேயே வாதாடியவர் வில்லியம் விக்ரி. 1996இல் பொருளியல் நோபல் பெற்றவர்.

நம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே சாலை போட்ட செலவை மீட்க வசூலிக்கிறார்கள். விடிகாலையானாலும் மாலையானாலும் ஒரே தொகை. ஸ்டாக்ஹோமிலோ 2006 சோதனையின்போது நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 க்ரோனா வாங்கினார்கள். இரவில் எதுவும் இல்லை.

நம்பிக்கை: சாலையை அகலப்படுத்தினால் போதும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டுவிட்டது. நெரிசலுக்கு அஞ்சி வேறு நேரத்திலும் வேறு வழியிலும் போய்க்கொண்டிருந்தவர்கள், இடம் கிடைத்ததும் திரும்பி வந்துவிடுவார்கள்.

நம்பிக்கை: வேலைக்குப் போகிறவர் போய்த்தானே ஆக வேண்டும்? கட்டணம் போட்டாலும் கார்கள் குறையாது.

ஸ்டாக்ஹோமில் கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் பெரும்பாலானவை திரும்பின. 2007இல் மறுபடி போட்டதும் மறுபடி குறைந்தன. கூடுதல் பேருந்துகளைச் சோதனைக்குச் சில மாதங்கள் முன்பே, 2005 ஆகஸ்டிலேயே விட்டிருந்தார்கள். அவற்றால் மட்டும் கார்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

ஐந்தில் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் காத்திருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. சாலை அதன் கொள்ளளவை நெருங்கும்போது கடைசியாக வந்து சேரும் வண்டிகளே பெரும்பகுதித் தாமதத்தை உண்டாக்குகின்றன. எல்லோரும் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. சிலர் சில நாள் நேரத்தை மாற்றிக்கொண்டாலே வழி திறந்துவிடும்.

நம்பிக்கை: மக்கள் ஒருபோதும் ஏற்க மாட்டார்கள்.

தொடங்கும் முன் பெரும்பான்மையோர் எதிர்த்தது உண்மை. ஏழு மாதம் அனுபவித்த பிறகு நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தார்கள். பின்னாளில் அந்த ஆதரவு ஏறத்தாழ பத்தில் ஏழு பேராக வளர்ந்தது.

நம்பிக்கை: ஏழையைச் சாலையிலிருந்து விரட்டும் திட்டம் இது.

இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத, குறைந்த வருமானமுள்ள ஒருவருக்கு இந்தக் கட்டணம் உண்மையான பாரம். ஆனால் ஸ்டாக்ஹோமில் அதிகம் கட்டியவர்கள் வசதி படைத்தவர்களே. மற்றவர்களில் பலர் முன்பே பேருந்திலும் ரயிலிலும் போய்க்கொண்டிருந்தவர்கள். கார் நெரிசலால் பேருந்தில் சிக்கித் தவித்தவர்களும் அவர்கள்தான்.

ஏழைக்கு நல்லதா கெட்டதா என்பது, வசூலான பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. 2003இல் கட்டணத்தைத் தொடங்கிய லண்டனில், நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி பேருந்துகளுக்குப் போனது. ஸ்டாக்ஹோமிலோ, 2006 தேர்தலில் வென்ற அரசு கட்டண வருவாயைப் புதிய சாலைகளுக்கு ஒதுக்கியது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். மையத்துக்குள் கார் வேண்டாம் என்று வாங்கிய பணம், காரில்லாமல் மையத்துக்கு வருபவருக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். 2016இல் கட்டணத்தை உயர்த்தியபோது, அந்தக் கூடுதல் வருவாயை மெட்ரோ பாதை நீட்டிப்புக்குத் திருப்பினார்கள்.